படைமுகாமில் ஆசிரியர் பயிற்சி: போய் வந்த ஒரு ரீச்சரின் மதிப்பீடு

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் கடேற்றுக்கு, அதாவது மாணவர் படையணிக்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரியர்கள் சிலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "படைத்தரப்பு நடத்துகிற பயிற்சிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கு, போகலாமா ரீச்சர்?" ஃபோனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அந்தப் பயிற்சிக்கும் போயிருக்கிறேன், யாழ் நகரத்தில் நடந்த முதலுதவிப் பயிற்சி ஒன்றுக்கும் போயிருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுதினால், போக நினைப்பவர்களுக்கு உதவும். எந்த முகாம், எந்த நிறுவனம் என்று பெயர் சொல்லப் போவதில்லை. அங்கே இருந்த தனி ஆட்களைக் குறைசொல்வது என் நோக்கமும் இல்லை.

நான் புவியியல் ஆசிரியை. பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கிறேன். கடேற் பொறுப்பு என்னிடம் வந்தது அதிபர் கேட்டதால். என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். போகலாம். ஆனால் முதலுதவியும் பிள்ளைப் பாதுகாப்பும் படித்த பிறகு போங்கள். அந்த இரண்டும் இல்லாமல் படைப் பயிற்சியை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிற ஆசிரியரிடம் பிள்ளைகளை ஒப்படைக்க நான் சம்மதிக்கமாட்டேன்.

புதிதாகப் பொறுப்பு எடுப்பவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இலங்கையில் பள்ளிக்கூடக் கடேற் தொடங்கியது 1881இல், கொழும்பு ரோயல் கல்லூரியில், ஜோன் கல் அதிபராக இருந்தபோது. இன்றைக்குத் தேசிய மாணவர் படையணி பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருக்கிறது. பிள்ளைகள் படையினர் அல்லர். பொறுப்பாசிரியருக்கோ அந்தப் படையணியில் அதிகாரித் தரம் கிடைக்கிறது. காலையில் தரம் 10க்கு மண்சரிவைப் பற்றிப் படிப்பிக்கிற அதே ஆள், பின்னேரம் தோளில் பட்டியோடு மைதானத்தில் நிற்கிறார். அவர் யார்? ஆசிரியரா, படை அதிகாரியா? எந்தப் பயிற்சிக்குப் போகலாம் என்ற கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால் அவர் ஆசிரியர்தான். தோள்பட்டி பிறகு வந்தது.

இனி முகாம். யாழ்ப்பாணத்தில் இருந்து இரவு பஸ்ஸில் ஏறினால் ஏ9 வீதியால் வவுனியா, தம்புள்ளை தாண்டி, விடியும்போது கண்டி. அங்கிருந்து மலைப்பாதை. வளைவுகளில் தலைசுற்றும் என்றால் எலுமிச்சம்பழம் ஒன்று கையில் வைத்திருங்கள். பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. உடுப்பும் கட்டிலும் தந்தார்கள். பெண் ஆசிரியர்களுக்குத் தனி மண்டபம், வாசலில் பெண் சிப்பாய்கள் காவல். அந்த விஷயத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது, நிம்மதியாக நித்திரை கொண்டோம். குளியலறை மட்டும் தூரம். இருட்டில் எழும்பிப் போகவேண்டும், ரோச் கட்டாயம் தேவை.

சாப்பாடு நன்றாக இருந்தது. காலையில் பாண், பருப்பு, சம்பல். மத்தியானம் சோறு, மரக்கறி இரண்டு, மீன் அல்லது முட்டை. வெள்ளிக்கிழமை சைவம் என்று நாங்கள் சிலபேர் முதல்நாளே சொல்லிவைத்தோம். சமையல்கூடத்தில் இருந்தவர் முகம் சுளிக்கவில்லை, சோயாவும் கீரையும் தனியாகச் செய்து தந்தார். இதையெல்லாம் பயந்துகொண்டு வராமல் இருந்த ஆசிரியைகளை எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

பயிற்சியில் மிகச் சிறந்த பகுதி அணிநடை. நான் ஆசிரியர் கலாசாலையில் படித்தவள், கற்பித்தல் முறைகளைப் பற்றிப் பரீட்சையும் எழுதியவள். ஆனாலும் அந்த மைதானத்தில் ஒரு சார்ஜன்ற் படிப்பித்த மாதிரி யாரும் படிப்பித்து நான் பார்க்கவில்லை. வலப்பக்கம் திரும்புவதை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் என்ன செய்யப்போகிறோம், எதற்கு என்று இரண்டு வசனத்தில் சொல்வார். பிறகு தானே முழு வேகத்தில் ஒருமுறை செய்து காட்டுவார். அதற்குப் பிறகு அதை இரண்டாக உடைப்பார். முதல் எண்ணுக்கு வலது குதிகாலிலும் இடது முன்பாதத்திலும் உடம்பு திரும்புகிறது. அங்கேயே எல்லோரும் நிற்கவேண்டும், சிலை மாதிரி. அவர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வருவார். இரண்டாம் எண்ணுக்கு இடதுகால் வந்து சேர்கிறது. இரண்டும் சரியான பிறகுதான் சேர்த்துச் செய்ய விடுவார். சொல்வது, காட்டுவது, செய்யவைப்பது, பழக்குவது என்ற ஒழுங்கு. பிழை விட்டவரைக் கூப்பிட்டு முன்னுக்கு நிறுத்தவே மாட்டார். சரியாகச் செய்தவரைக் கூப்பிட்டு எல்லோருக்கும் காட்டச் சொல்வார்.

இதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தேன். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு அணிநடை பழக்கும் காலத்தில் எங்கள் மைதானத்தில் தொண்டை வறளக் கத்துகிற சத்தம்தான் முன்பு கேட்கும். இப்போது அப்படி இல்லை. ஐம்பது பிள்ளைகளையும் ஒன்றாக நடக்கவிட்டுக் கத்துவதற்குப் பதிலாக, ஆறு ஆறு பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மூத்த மாணவியை விட்டு, அசைவை உடைத்துப் பழக்குகிறோம். இன்னொரு விஷயமும் அந்த சார்ஜன்ற் சொன்னார். படையில் நடக்கும்போது ஒரு காலடி என்பது 30 அங்குலம், அது வளர்ந்த ஆளின் கால் அளவு. "மிஸ், உங்கட பிள்ளைகளுக்கு அதை வைக்க வேண்டாம், கட்டையான பிள்ளை இழுத்துக்கொண்டு ஓடும்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். வரிசையில் கட்டையான பிள்ளைகளின் அடியை அளந்து, அதையே எல்லோருக்கும் அளவாக வைக்கும்படி சொல்லித்தந்தார். அப்படிச் செய்த வருடம் எங்கள் அணியில் ஒரு பிள்ளையும் கால் தடுக்கவில்லை.

நீண்டநேரம் அசையாமல் நின்றால் ஏன் மயக்கம் வருகிறது என்பதையும் அங்கேதான் விளங்கிக்கொண்டேன். முழங்காலை இறுக்கிப் பூட்டிக்கொண்டு நின்றால் இரத்தம் காலில் தேங்கிவிடுகிறது, மூளைக்குப் போவது குறைகிறது. சப்பாத்துக்குள் கால்விரல்களை மடக்கி விரித்துக்கொண்டே இருக்கவேண்டும், உடம்பின் பாரத்தைக் குதியில் இருந்து முன்பாதத்துக்கு மெல்ல மாற்றவேண்டும். வெளியே பார்ப்பவருக்கு அசைவே தெரியாது. பரிசளிப்பு விழாக்களில் பிரதம விருந்தினர் பேசி முடியும்வரை வெயிலில் நிற்கிற பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை. பேச்சைக் குறைப்பது இன்னும் பெரிய உதவி, அது அதிபர்களின் கையில் இருக்கிறது.

வரைபட வாசிப்பு எனக்குத் தெரிந்த பாடம்தான். என்றாலும் மணல் மேசையைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. மணலைக் குவித்து மலை செய்து, நூலைச் சுற்றிச் சமவுயரக் கோடு போட்டு, நீலத்தூளால் ஆறு வரைந்து, அதையே மேலே இருந்து பார்க்கவைத்து 1:50,000 வரைபடத்தோடு ஒப்பிடச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை மலையைக் கண்ணால் காணாமல் சமவுயரக் கோட்டைப் படிக்கிறது. இங்கே ஆறு என்று சொல்ல மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறு ஒன்றுதான் இருக்கிறது. இப்போது என் வகுப்பறையில் பழைய மேசை ஒன்றில் அந்த மணல் வேலை நடக்கிறது. சாதாரண தரப் பிள்ளைகள் பள்ளத்தாக்கையும் சுவட்டையும் (மலையில் இருந்து நீண்டு இறங்குகிற மேட்டையும்) மாற்றி எழுதுவது நன்றாகக் குறைந்திருக்கிறது. மற்றப்படி அங்கே படித்த திசையறிதலை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. மலையுச்சியைக் குறிவைத்து நடக்கப் பழக்கினார்கள். எங்களுக்குக் கோயில் கோபுரமும் தண்ணீர்த் தாங்கியும்தான் குறி, பனங்கூடலுக்குள் போனால் அதுவும் தெரியாது.

துப்பாக்கிப் பாடத்தைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. இருந்தது. பாதுகாப்பு விதிகள், கழற்றுதல், பூட்டுதல், குறி பார்த்தல். சொல்லித்தந்த விதத்தில் பிழை இல்லை, விதிகளில் கண்டிப்பாகவே இருந்தார்கள். ஆனால் ஒரு பள்ளிக்கூட ஆசிரியைக்கு இது எதற்கு என்று அங்கேயே கேட்டேன், இப்போதும் கேட்கிறேன். எங்கள் மண்ணில் பிள்ளைகளின் கையில் துப்பாக்கி இருந்த காலத்தை நான் கண்டிருக்கிறேன். என்னோடு படித்தவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. பிள்ளைகளை ஆயுத மோதலில் ஈடுபடுத்துவதற்கு எதிரான சர்வதேச நெறிமுறை 2000ஆம் ஆண்டு வந்தது, இலங்கை அதே ஆண்டில் அதை ஏற்றுக்கொண்டது. கடேற் என்பது அந்த நெறிமுறை தடுக்கிற விஷயம் இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் வடக்கில் ஒரு கடேற் ஆசிரியர் பிள்ளையின் கண்முன்னால் துப்பாக்கி வித்தை காட்டவேண்டிய தேவை ஒன்றும் இல்லை. அந்தப் பாடத்தை நான் முகாமிலேயே விட்டுவிட்டு வந்தேன். சக ஆசிரியர்களையும் அப்படியே செய்யும்படி கேட்கிறேன்.

அதற்குச் செலவழித்த நேரத்தில் அவர்கள் வேறொன்றைச் சொல்லித்தந்திருக்கலாம். போர் முடிந்து இத்தனை காலத்துக்குப் பிறகும் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்துகொண்டே வந்திருக்கிறது. பிள்ளைகளை வெளிக்கள முகாமுக்குக் கூட்டிப்போகிற வடமாகாண ஆசிரியருக்கு முதலில் தெரியவேண்டியது, சந்தேகமான பொருளைக் கண்டால் என்ன செய்வது என்பதுதான். தொடாதே, கிட்டப் போகாதே, வந்த வழியாலேயே திரும்பு, இடத்தை நினைவில் வைத்துப் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல். இதை வெடிபொருள் தெரிந்த படையினரைவிட நன்றாக யாரால் சொல்ல முடியும்? ஒரு மணித்தியாலம்கூட ஒதுக்கவில்லை.

மொழியைப் பற்றி. விரிவுரைகள் பெரும்பாலும் சிங்களத்தில் நடந்தன. மைதானத்தில் அது பிரச்சினை இல்லை, பார்த்துச் செய்யலாம். வகுப்பறையில் பெரிய பிரச்சினை. சட்டம், ஒழுக்கம், அதிகாரியின் பொறுப்பு என்று போன பாடங்களில் தமிழ் ஆசிரியர்கள் கொப்பியை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தோம். மன்னாரில் இருந்து வந்த ஓர் இளம் ஆசிரியர் இடைவேளையில் எங்களுக்குச் சுருக்கிச் சொல்வார். நல்ல பிள்ளை, தன் ரீ ஆறும்வரை சொல்லிக்கொண்டிருப்பார். ஆனால் அது அவருடைய வேலை இல்லை. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் இருந்து ஆசிரியர்களைக் கூப்பிடுகிறவர்கள் தமிழில் அச்சிட்ட குறிப்பையாவது தரவேண்டும். பரீட்சைத் தாள் மட்டும் தமிழில் வந்தது. படிக்காத பாடத்துக்குத் தமிழில் கேள்வி வந்து பலன் இல்லை.

இனி என்னை மிகவும் யோசிக்கவைத்த விஷயம். பயிற்சியில் தண்டனை இருந்தது. பிந்தி வந்தால் மைதானத்தைச் சுற்றி ஓட்டம். கட்டில் விரிப்புச் சரியில்லை என்றால் முழு அறைக்கும் தண்டால். வளர்ந்தவர்களுக்கு அது பெரிய கொடுமை இல்லை, சிலபேர் சிரித்துக்கொண்டே செய்தார்கள். ஆபத்து அங்கே இல்லை. திரும்பி வந்த பிறகுதான் அது வருகிறது. முகாமில் பழகிய அந்த வழக்கத்தை ஆசிரியர் தன் பள்ளிக்கூட மைதானத்தில் இறக்கிவிடுகிறார். தொப்பி கொண்டுவராத பிள்ளையை வெயிலில் ஓடவிடுகிறார். ஒரு பிள்ளை சிரித்ததற்கு முழு அணியையும் முழங்காலில் நிறுத்துகிறார். நான் என் கண்ணால் பார்த்தது இது. கேட்டால் "கடேற் என்றால் அப்படித்தான், ரீச்சர்" என்கிறார்கள்.

அப்படி இல்லை. கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கை பள்ளிக்கூடத்தில் உடல்ரீதியான தண்டனையை நிறுத்தச் சொல்கிறது, 12/2016 சுற்றறிக்கையும் அதையே சொல்கிறது. பிள்ளை கடேற் உடுப்புப் போட்டதும் அந்தச் சுற்றறிக்கை அந்தப் பிள்ளைக்குப் பொருந்தாமல் போய்விடுகிறதா? அதே பள்ளிக்கூடம், அதே பிள்ளை, அதே ஆசிரியர். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது, அதன் 1929 என்ற இலக்கத்துக்கு எந்தப் பிள்ளையும் காசில்லாமல் அழைக்கலாம். என் அணிப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த இலக்கம் தெரியும், கடேற் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதவைத்திருக்கிறேன். என்மேல் முறைப்பாடு என்றாலும் அதற்குத்தான் எடுக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். முகாமில் இந்த இலக்கத்தை யாரும் சொல்லவில்லை. பிள்ளை ஒன்று வந்து தனக்கு நடந்த ஒரு விஷயத்தைச் சொன்னால் ஆசிரியர் எப்படிக் கேட்கவேண்டும், யாருக்கு அறிவிக்கவேண்டும், பெண்பிள்ளைகள் முகாமில் தங்கும்போது யார் கூட இருக்கவேண்டும் என்பதைப் பற்றி ஒரு பாடமும் இல்லை. பதினான்கு வயதுப் பிள்ளை என்று ஒருவர் இருப்பதே அந்தப் பாடத்திட்டத்தில் தெரியவில்லை. மாதவிடாய் நாளில் ஒரு பிள்ளை பயிற்சியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று நான் கேட்டபோது, சொல்லித்தந்த அதிகாரி நல்ல மனிதர், தலையைக் குனிந்துகொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

முதலுதவிப் பயிற்சி இதற்கு நேர்மாறு. யாழ் நகரத்தில், மின்விசிறி சரியாகச் சுற்றாத ஒரு மண்டபம். கூட்டம் அதிகம், பழகுவதற்கு வைத்திருந்த பொம்மைகள் போதாது, வரிசையில் நின்று களைத்துவிட்டோம். ரீயும் பிஸ்கற்றும் தந்தார்கள். கட்டணம் ஆசிரியர் சம்பளத்துக்குக் கட்டுபடியாகிற அளவு. குறைகள் அவ்வளவுதான். முழுவதும் தமிழில். சொல்லித்தந்தவர் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வுபெற்ற அம்மா. கேள்வி கேட்டால் இடையில் நிறுத்தி முழுதாக விளக்குவார்.

நெஞ்சை அழுத்துவது நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, முப்பது அழுத்தலுக்கு இரண்டு மூச்சு. வளர்ந்தவருக்கு ஐந்து சென்ரிமீற்றர் ஆழம், சின்னப் பிள்ளைக்கு நெஞ்சுத் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு. பொம்மையின்மேல் நாங்கள் அழுத்தியபோது அவர் பக்கத்தில் இருந்து கைதட்டி எண்ணினார். பாம்புக்கடிக்கு நீண்டநேரம் எடுத்தார், எங்கள் ஊருக்கு அது தேவை. சுருட்டை, புடையன், நாகம் மூன்றும் இங்கே உண்டு. கயிறு இறுக்கிக் கட்டக்கூடாது, கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல், நேரே யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். பாம்பைத் தேடிப்பிடிக்க நேரம் போக்கக்கூடாது. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

பிறகு வெயில். பள்ளிக்கூடம் 1.30க்கு விடுகிறது. கடேற் பழக்கம் உடனே தொடங்குகிறது, அதாவது வெயில் கொளுத்துகிற நேரத்தில், மத்தியானம் ஒழுங்காகச் சாப்பிடாத பிள்ளைகளோடு. வெயிலால் வருகிற களைப்புக்கும் வெப்பத் தாக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த அம்மா கரும்பலகையில் இரண்டு நிரலாக எழுதினார். களைப்பு என்றால் வியர்த்துக்கொட்டும், தலைசுற்றும், பிள்ளை கதைத்தால் மறுமொழி சொல்லும். நிழலில் கிடத்திக் காலைச் சற்று உயர்த்தி, சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுக்கலாம். வெப்பத் தாக்கம் என்றால் உடம்பின் சூடு 40 பாகைக்கு மேல் போகும், பிள்ளை குழம்பிப் பேசும், சொல்வது விளங்காது, வலிப்பும் வரலாம். அப்போது வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறி, குளிரவைத்துக்கொண்டே அம்புலன்ஸைக் கூப்பிடவேண்டும். இந்தப் பாடத்துக்குப் பிறகு எங்கள் பள்ளிக்கூடத்தில் பழக்கத்தை 3.30க்கு மாற்றினோம். வீட்டுக்குப் பிந்திப் போகவேண்டும் என்று சில பெற்றோர் முறையிட்டார்கள், வான் ஒழுங்குசெய்து சமாளித்தோம். படைமுகாமில் கற்ற ஒன்றும் அவ்வளவு அவசரமாக எங்கள் நேரசூசியை மாற்றவைக்கவில்லை.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்பவர்களுக்கு. என் மச்சாளின் மகள் ஸ்காபரோவில் கடேற்றில் இருக்கிறாள். கனடாவில் 12 வயதில் இருந்து 18 வரை பிள்ளைகள் சேரலாம், அவர்களும் படையினர் அல்லர். பயிற்சி கொடுக்கிற அதிகாரிகள் கனடியப் படையின் ரிசேவ் பகுதியை, அதாவது சேமப்படையைச் சேர்ந்தவர்கள், ஆனால் தனிப் பிரிவு. அவர்களுக்கென்றே ஓர் அடிப்படை அதிகாரிப் பயிற்சி இருக்கிறது, ரிசேவ் படையின் போர்ப்பிரிவு அதிகாரிகள் போகிற பயிற்சிக்கு அவர்கள் போகவேண்டியதில்லை. அங்கேயும் இதே விவாதம் உண்டு. ஒரே உடுப்பும் ஒரே தரமும் இருந்தால் ஒரே பயிற்சியும் வேண்டாமா என்பது ஒரு பக்கம். பிள்ளைகளைப் பார்க்கிறவருக்குப் பிள்ளைகளைப் பற்றிய பயிற்சிதான் முக்கியம் என்பது மறுபக்கம். பிரித்தானியாவில் 2017இல் கடேற் அதிகாரிகளுக்கெனத் தனி நியமன முறையே கொண்டுவந்துவிட்டார்கள். இந்தியாவில் நாக்பூருக்குப் பக்கத்தில் காம்ப்டியிலும், குவாலியரிலும் என்.சி.சி. என்கிற அவர்களின் தேசிய மாணவர் படைக்கென்றே பயிற்சிக் கல்லூரிகள் இருக்கின்றன. பெரிய படை உள்ள நாடுகளே இந்த வேலையைத் தனி வேலையாகப் பிரித்துவைத்திருக்கின்றன. நாங்களும் அதைக் கேட்கலாம்.

எங்களுக்கு இன்னுமொரு காரணம் இருக்கிறது. 2011இல் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைகளைப் படைமுகாம்களுக்குக் கூப்பிட்டுத் தலைமைத்துவப் பயிற்சி கொடுத்தார்கள். வன்னியில் முன்பள்ளி ஆசிரியைகள் பலருக்குச் சம்பளம் கொடுத்தது சிவில் பாதுகாப்புத் திணைக்களம். இதையெல்லாம் பார்த்த பெற்றோர், மகள் கடேற்றில் சேருகிறாள் என்றால் ஒருமுறை நின்று யோசிக்கத்தான் செய்வார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஓர் அம்மா எழும்பி, தன் தம்பியை 2009இல் இருந்து தேடுகிறோம், மகள் இந்த உடுப்போடு வாசலுக்கு வந்தால் என் தாய் என்ன செய்வா என்று கேட்டா. நான் அவவைச் சமாதானப்படுத்தப் பார்க்கவில்லை. சேர்ப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம், இடையில் விலகினாலும் ஒருவரும் காரணம் கேட்கமாட்டோம், உடுப்பைப் பள்ளிக்கூடத்திலேயே மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வரலாம் என்று சொன்னேன். மகள் ஒரு தவணைக்குப் பிறகு வந்து சேர்ந்தாள். பாண்ட் அணியில் பக்கவாத்தியம் அடிக்கிறாள். அந்த அம்மாவுக்குச் சொன்ன மூன்றையும் எங்கள் பள்ளிக்கூடத்தில் எழுத்தில் வைத்திருக்கிறோம். ஆசிரியர் படைப் பயிற்சிக்குப் போய்வந்தவர் என்றால், இந்த வாக்குறுதி இன்னும் கட்டாயம்.

ஆகவே கடிதம் கையில் இருக்கிற ஆசிரியர்களுக்கு என் சொல். அணிநடை, வரைபடம், கற்பித்தல் முறை, முகாம் ஒழுங்கு என்று இருக்கிற பயிற்சியா, தயங்காமல் போங்கள். என் ஐந்தில் நான்கு புள்ளி அதற்கு. ஆயுதமும் களத் தந்திரமுமாக இருக்கிற ரிசேவ் படைப் பயிற்சி என்றால் போகவேண்டாம், அது சேமப்படையில் சேர விரும்புகிறவர்களுக்கு உரியது, பள்ளிக்கூடக் கடேற் ஆசிரியருக்கு அதில் வேலை இல்லை. முதலுதவிப் பயிற்சிக்கு, பொம்மை போதாமல் போனபோதும், ஐந்துக்கு ஐந்து.

படிவத்தில் கையெழுத்து வைக்கமுன் நான்கு விஷயம் கேளுங்கள். பாடத்திட்டத்தைத் தமிழில் அனுப்பமுடியுமா? ஆயுதப் பாடம் கட்டாயமா, விருப்பமா? பிள்ளைப் பாதுகாப்புக்கு எத்தனை மணித்தியாலம்? வலயக் கல்விப் பணிமனை கடமை லீவுக் கடிதம் தருமா, அல்லது உங்கள் சொந்த லீவில் கழியுமா? கடைசிக் கேள்வியை வாயால் கேட்டு நம்பிப் போகாதீர்கள், கடிதம் கையில் வரவேண்டும். சப்பாத்தை அங்கே தருவார்கள் என்றாலும் உங்கள் அளவில் ஒன்றை யாழ்ப்பாணத்திலேயே வாங்கி, போகமுன் இரண்டு கிழமை வீட்டைச் சுற்றிப் போட்டு நடந்துபாருங்கள். புதுச் சப்பாத்தோடு முதல்நாள் அணிநடையில் இறங்கியவர்கள் மற்ற நாள்களில் மருந்தறையில்தான் இருந்தார்கள். கொட்டன் சொக்ஸ் நிறைய, ரோச், சின்னக் கத்தரிக்கோல், பிளாஸ்ரர், பெண் ஆசிரியைகள் என்றால் தேவையான பொருள்களும் கூடவே கொஞ்சம் எடுத்துப்போங்கள், பக்கத்தில் கடை இருக்காது. மலையில் விடியற்காலைக் குளிர் எங்களுக்குப் பழக்கமில்லாதது, ஒரு சுவெற்றரும் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் முதலுதவி வகுப்பு எப்போது தொடங்குகிறது என்று தேடுகிறவர்கள், முதல் தவணை தொடங்கியதும் விசாரியுங்கள். விளையாட்டுப் போட்டிக் காலம் வந்துவிட்டால் இடம் கிடைக்காது.